பாட வீடியோவை எந்தக் கோப்பாகப் பகிர்வது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் 1999-ல் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகளை இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்கள் பார்க்கிறார்கள். பலகை, சாக்பீஸ், நிதானமாகப் பேசும் ஒரு மனிதர், அவ்வளவுதான். பாடம் கொஞ்சமும் பழசாகவில்லை. ஆனால் அந்தப் பாடம் இணையத்துக்கு முதலில் எந்தக் கோப்பாக வந்ததோ, அதை இன்று உங்கள் போனில் தட்டினால் பெரும்பாலும் திறக்காது. தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேர் திட்டத்தை எம்.ஐ.டி. 2001-ல் அறிவித்தது. அதில் ஸ்ட்ராங்கின் வகுப்புகள் ரியல்மீடியா கோப்புகளாக வைக்கப்பட்டன. பார்க்க வேண்டுமென்றால் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் பிளேயரைக் கணினியில் நிறுவ வேண்டும்.

அந்தக் காலத்தில் அது யாருக்கும் தவறாகத் தோன்றியிருக்காது. இணையத்தில் வீடியோ ஓடும் என்பதையே பலருக்குக் காட்டிக்கொடுத்தது அந்த பிளேயர்தான். ஆனால் கோப்புக்குள் படம் எப்படிச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது. அதே கோப்பைத் திறக்கும் மென்பொருளை வெளியாள் ஒருவர் முறைப்படி எழுத வழியில்லை. நிறுவனத்தின் செல்வாக்கு குறைந்ததும் அந்த வகைக் கோப்புகளைக் கவனிக்க ஆளில்லாமல் போனது.

ஸ்ட்ராங்கின் பாடங்கள் தப்பித்தன. எம்.ஐ.டி. அவற்றை வேறு வடிவங்களுக்கு மாற்றி மறுபடி வெளியிட்டது. மற்றவர்கள் நகலெடுத்துப் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தந்திருந்ததால், இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் போன்ற இடங்களிலும் பிரதிகள் சேர்ந்தன. பணமும் ஆளும் உள்ள பல்கலைக்கழகத்துக்கு அது முடிந்தது. ஒரு பள்ளி ஆசிரியர் தன் போனில், தன் செலவில் எடுத்த பாடத்தை இருபது வருடம் கழித்து யாரும் தேடி வந்து மாற்றித் தர மாட்டார்கள். அதனால் பாடம் எடுப்பவர்களே இந்த ஃபார்மட், அதாவது கோப்பு வடிவ விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கணினித் துறை ஆளாக இருக்க வேண்டியதில்லை.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

வீடியோ என்பது வேகமாக மாறும் படங்களின் வரிசை, ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். முழு எச்டி வீடியோவின் ஒரு பிரேமில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது 20 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட். நொடிக்கு 25 பிரேம். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 155 எம்பி வரும். ஒரு மணி நேர வகுப்புக்கு ஏறக்குறைய 560 ஜிபி. இதை யாரும் யாருக்கும் அனுப்ப முடியாது. ஆகவே சுருக்கியே தீர வேண்டும்.

அப்படிச் சுருக்கவும், சுருக்கியதைத் திரும்ப விரித்துக் காட்டவும் உள்ள முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ஆசிரியர் கையை மட்டும் அசைக்கிறார், பின்னால் இருக்கும் பலகை அப்படியே இருக்கிறது என்றால், அந்தப் பலகையை ஒவ்வொரு பிரேமிலும் மறுபடி எழுதிவைக்கத் தேவையில்லை. மாறிய இடத்தை மட்டும் குறித்தால் போதும். கண் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிடலாம். இப்படிச் செய்துதான் நூற்றுக்கணக்கான ஜிபி சில நூறு எம்பியாகிறது. எச்.264, எச்.265, விபி9, ஏவி1, தியோரா என்று கேள்விப்படுகிற பெயர்கள் எல்லாம் வீடியோ கோடெக்குகள். ஒலிக்குத் தனியாக எம்பி3, ஏஏசி, வோர்பிஸ், ஓபஸ்.

இதில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். விட்டுவிட்ட நுணுக்கம் திரும்ப வராது. ஒரு முறை சுருக்கியதை வேறு கோடெக்குக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் தேயும். வாட்ஸ்அப்பில் பலர் கை மாறி வந்த வீடியோவில் பலகை எழுத்தே படிக்க முடியாமல் போவது இதனால்தான். பாட வீடியோவில் எழுத்து தெரியாவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

சுருக்கிய படமும் ஒலியும் ஒரே கோப்புக்குள் போய் உட்கார வேண்டும். அந்தக் கோப்பின் அமைப்பை கன்டெய்னர் என்கிறார்கள். டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு அடுக்கில் படம், ஒரு அடுக்கில் ஆங்கில ஒலி, இன்னொன்றில் தமிழ் ஒலி, மேலே சப்டைட்டில். எம்பி4, எம்கேவி, வெப்எம், ஓஜிவி, ஏவிஐ என்று கோப்பின் வாலில் பார்ப்பது கேரியரின் பெயர். உள்ளே எந்த கோடெக் என்பதை அது முழுசாகச் சொல்லாது. ‘எம்பி4தான் அனுப்பினேன், ஏன் ஓடவில்லை?’ என்ற குழப்பத்துக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஒரே எம்பி4-க்குள் எச்.264 இருக்கலாம், எச்.265-உம் இருக்கலாம். முதலாவது கிட்டத்தட்ட எல்லாக் கருவியிலும் ஓடும். இரண்டாவது பள்ளியின் பழைய கணினியில் ஒலி மட்டும் கேட்டு, படம் கறுப்பாக நிற்கலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள். 2017 முதல் ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்த எச்.265-ல் பதிவு செய்கின்றன. கேமரா செட்டிங்கில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எச்.264-ல் பதிவாகும். பாடம் எடுக்கும் முன் இதை ஒரு முறை செய்துவிடலாம்.

திறந்தது, மூடியது, இரண்டுக்கும் நடுவில்

ஒரு ஃபார்மட்டைத் திறந்தது என்று சொல்ல இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அதன் விவரக் குறிப்பு எல்லோருக்கும் கிடைக்கிறதா? அதைப் படித்து ஒருவர் சொந்தமாக ஒரு பிளேயரோ எடிட்டரோ எழுதினால், யாருக்கும் பணம் கட்டாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியிட முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் திறந்தது. ஒரு நிறுவனமே விவரத்தை வைத்துக்கொண்டு, தன் மென்பொருள் வழியாக மட்டும் திறக்க விட்டால் அது தனியுரிம ஃபார்மட். பழைய ரியல்வீடியோ இந்தப் பக்கம். தியோரா, விபி8, விபி9, ஏவி1 அந்தப் பக்கம்.

நடுவில் நிற்பதுதான் நாம் தினமும் புழங்குகிற எச்.264. 2003-ல் வந்தது. அதன் விவரம் ரகசியம் இல்லை. சர்வதேசத் தரமாக அச்சிட்டே கிடைக்கிறது. ஆனால் அதில் உள்ள உத்திகள் மேல் பல நிறுவனங்களுக்குப் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை உண்டு. அவற்றை ஒன்றாகத் திரட்டி, எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு உரிமக் கட்டணம் வசூலித்தது. வீடியோ பார்க்கிற மாணவரிடம் யாரும் கேட்கவில்லை. போன் தயாரிப்பவரும் மென்பொருள் விற்பவரும் கட்டினார்கள். இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் இணைய வீடியோக்களுக்கு நிரந்தரமாகக் கட்டணம் இல்லை என்று 2010-ல் அந்த அமைப்பு அறிவித்தது. 2013-ல் சிஸ்கோ நிறுவனம் தன் எச்.264 மென்பொருளின் நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்த மூலமாகத் தந்து, கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. பேட்டன்ட்டின் ஆயுள் பொதுவாக 20 ஆண்டுகள். அதனால் பழையவை ஒவ்வொன்றாகக் காலாவதியாகி வருகின்றன.

அப்படியானால் ஏன் கவலைப்பட வேண்டும்? எச்.264-ஐப் பொறுத்தவரை நடைமுறையில் பெரிய கவலை இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து வந்த எச்.265 கதை வேறு. 2013-ல் வெளியான அதற்குக் கட்டணம் கேட்க ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகள் கிளம்பின. யாருக்கு எவ்வளவு கட்டினால் பிரச்சினை தீரும் என்றே பல காலம் தெளிவாகத் தெரியவில்லை. விண்டோஸ் 10-ல் எச்.265 வீடியோவைப் பார்க்கத் தேவையான துணை மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் தன் ஸ்டோரில் தனியாகக் காசு கேட்டது இந்தச் சூழலில்தான். இந்த இழுபறிதான் கூகுள், மோசில்லா, நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவர்களை 2015-ல் ஒரே கூட்டணியில் சேர வைத்தது. அவர்கள் சேர்ந்து கொண்டுவந்ததுதான் 2018-ல் வெளியான ஏவி1. வணிகத்தில் நேருக்கு நேர் மோதிக்கொள்பவர்கள் கட்டணமில்லாத ஒரு கோடெக்குக்காகக் கைகோத்தார்கள் என்றால், பேட்டன்ட் பிரச்சினை எவ்வளவு கழுத்தை நெரித்திருக்கும் என்று புரியும்.

இதற்கு முன்னால் ஒரு வாய்ப்பு நழுவியது. இணையப் பக்கத்துக்குள் நேரடியாக வீடியோ ஓடும் வசதியை இணையப் பக்கங்களை எழுதுவதற்கான எச்டிஎம்எல்5 என்ற பொது விதிமுறையில் சேர்க்க, உலாவி தயாரிக்கும் ஓப்பரா நிறுவனம் 2007-ல் யோசனை சொன்னது. எல்லா உலாவியும் தியோராவை ஆதரிக்க வேண்டும் என்ற பரிந்துரையும் முதலில் வரைவில் இருந்தது. நோக்கியாவும் ஆப்பிளும் எதிர்த்தன. கடைசியில், 2009-ல், எந்த கோடெக்கையும் கட்டாயமாக்காமலே விட்டுவிட்டார்கள். ஒரு பாடத்தை எல்லா உலாவியிலும் ஓட வைக்க இரண்டு மூன்று வடிவங்களில் கோப்பு தயாரிக்க வேண்டியிருந்த காலம் அப்படித்தான் உருவானது.

ஃபிளாஷோடு போன பாடங்கள்

தனியுரிம ஃபார்மட்டால் கல்விக்கு நேர்ந்த பெரிய நஷ்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபிளாஷைப் பார்க்க வேண்டும். மேக்ரோமீடியா வளர்த்து, 2005-ல் அடோபி கைக்குப் போன தொழில்நுட்பம் அது. யூடியூப் தொடங்கியபோது வீடியோக்கள் ஃபிளாஷ் வழியாகத்தான் ஓடின. வீடியோ மட்டுமா? இதயத்தின் அறைகளில் ரத்தம் ஓடுவது, ஊசல் ஆடுவது, மின்சுற்றில் விளக்கு எரிவது என்று மாணவர்கள் தொட்டு இழுத்துப் பார்க்கிற பாடங்களை உலகெங்கும் ஆசிரியர்கள் ஃபிளாஷில் செய்தார்கள். செய்வது சுலபம், அழகாகவும் இருக்கும்.

ஆப்பிள் தன் ஐபோனில் ஃபிளாஷை விடவே இல்லை. பாதுகாப்பு ஓட்டைகள் பெருகின. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தைத் திறக்க மறுத்தது. ஒரு நிறுவனத்தின் முடிவால், ஒரே நாளில், பல வருட உழைப்பு பூட்டப்பட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் குழு தன் அறிவியல் விளையாட்டுப் பாடங்கள் பலவற்றை எச்டிஎம்எல்5-ல் மறுபடி எழுதியது. அவை இன்று எந்த உலாவியிலும் ஓடுகின்றன, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. தனி ஆசிரியர்கள் செய்து சிடியில் எழுதிவைத்திருந்த எத்தனையோ பாடங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) பழைய ஃபிளாஷ் கோப்புகளில் ஒரு பகுதியை இப்போது உயிர்ப்பித்துக் காட்டுகிறது. அடோபி 2008-ல் அந்தக் கோப்பின் விவரக் குறிப்பைக் கட்டுப்பாடின்றி வெளியிட்டிருந்தது இப்படிப்பட்ட முயற்சிகளுக்குக் கைகொடுத்தது. மூடியே வைத்திருந்தால் இந்த மீட்பு இன்னும் பல மடங்கு கடினமாகியிருக்கும்.

ஸ்போக்கன் டுடோரியல் காட்டும் வழி

நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஐஐடி பாம்பேயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் வளர்ந்த ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில் நடந்தது. லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், பைதான், ஸைலேப், லேடெக் போன்ற கட்டற்ற மென்பொருட்களைச் சுமார் பத்து நிமிட வீடியோக்களில் சொல்லித் தருகிறார்கள். திரையில் நடப்பதைப் பார்த்து, நிறுத்தி, தன் கணினியில் அதையே செய்து பார்த்தபடி மாணவர் முன்னேற வேண்டும் என்பது அதன் முறை.

இந்த வீடியோக்களை அவர்கள் பல ஆண்டுகள் ஓஜிவி கோப்புகளாக, அதாவது தியோரா கோடெக்கில், தரவிறக்கும் வசதியோடு தந்தார்கள். கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தரும் பாடத்தைப் பார்க்க, காசு கொடுத்து உரிமம் வாங்கிய மென்பொருள் தேவைப்படக் கூடாதல்லவா? லினக்ஸ் நிறுவிய கல்லூரி ஆய்வகத்தில், வேறு எதையும் சேர்க்காமல் ஓட வேண்டும். ஓடியது. இணையம் இல்லாத இடங்களுக்கு வேண்டிய பாடங்களைத் தேர்ந்து சிடியில் எழுதிக் கொடுக்கவும் வழி செய்தார்கள்.

எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது அதன் எழுத்து வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஸ்கிரிப்ட் உண்டு. எந்த நொடியில் எந்த வாக்கியம் வருகிறது என்று நேரம் குறித்த பட்டியலும் உண்டு. தமிழில் குரல் கொடுப்பவர் அந்த ஸ்கிரிப்டை மொழிபெயர்த்து, அதே நேர அளவுக்குள் பேசிப் பதிவு செய்கிறார். படம் அப்படியே இருக்க, ஒலி மட்டும் மாறுகிறது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பாடங்கள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன. உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ். பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் யார் வேண்டுமானாலும் பகிரலாம், மாற்றலாம். திறந்த பாட வீடியோ என்று நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கோப்பு திறக்க வேண்டும், கையில் கிடைக்க வேண்டும், இன்னொருவர் அதைத் தன் ஊர் மொழியில் மாற்றித் தர உரிமையும் வேண்டும், அதற்குத் தேவையான மூலப் பொருட்களும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது.

சரி, தியோரா கதையின் அடுத்த பகுதியையும் சொல்லிவிட வேண்டும். 2024-ல் குரோமும் ஃபயர்பாக்ஸும் தியோரா ஆதரவை எடுத்துவிட்டன. பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள், பழைய நிரல் பாதுகாப்புக்கு ஆபத்து என்றார்கள். திறந்த ஃபார்மட்டும் வயதாகும், கைவிடப்படும். ஆனால் கைவிடப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். தியோரா கோப்பை விஎல்சி என்ற இலவச பிளேயர் இன்றும் திறக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளில் ஒரு வரிக் கட்டளையில் வேறு வடிவத்துக்கு மாற்றலாம். உலாவிக்குள்ளேயே ஓட்டிக்காட்ட விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா உலகில் எழுதப்பட்ட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பிளேயர் உண்டு. யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

யூடியூபில் இருந்தால் போதாதா?

பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்விதான். யூடியூபில் ஏற்றினால் கோடிப் பேர் பார்க்கலாம், செலவில்லை, இணைய வேகத்துக்கு ஏற்ப அதுவே தரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆசிரியர்கள் அதை விட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். மாணவர்கள் இருக்கும் இடத்துக்குப் பாடம் போகத்தான் வேண்டும். அங்கே கோடெக் கூடப் பிரச்சினை இல்லை. யூடியூப் விபி9, ஏவி1 ஆகிய திறந்த கோடெக்குகளிலேயே ஏராளமாக வீடியோ அனுப்புகிறது.

அங்கே மூடியிருப்பது கோப்பு அல்ல, வாசல். மாணவருக்குக் கிடைப்பது ஓர் இணைப்பு. செயலிக்குள் சேமித்து வைத்தாலும் அது அந்தச் செயலியை விட்டு வெளியே வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பென்டிரைவில் கொடுக்க முடியாது. யூடியூப் தந்த பொத்தான் வழியாகவோ உரிய அனுமதியோடோ அல்லாமல் தரவிறக்கக் கூடாது என்பது அதன் விதி. பல பள்ளிகளின் இணைய இணைப்பில் யூடியூப் தடுக்கப்பட்டிருக்கிறது. சீனாவில் நாடு முழுக்கவே கிடையாது. கணக்கு முடக்கப்பட்டால் சேனலோடு எல்லாப் பாடமும் போகும். ஏற்றியவரே திரும்ப எடுக்க நினைத்தால், யூடியூப் ஸ்டூடியோவில் கிடைப்பது தரம் குறைத்த எம்பி4 பிரதி.

பெரிய நிறுவனம் என்றால் என்றும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் யூ 2007-ல் வந்தது, உலகின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் அதில் வகுப்புகளை வைத்தன. 2021-ன் முடிவில் மூடிவிட்டார்கள். வேறு இடத்தில் பிரதி வைத்திருந்தவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இணையமே இல்லாத பள்ளிகளுக்காக உழைப்பவர்களிடம் கேட்டால் ‘கோப்பாகக் கொடுங்கள்’ என்றுதான் சொல்வார்கள். இணையத்தில் இலவசமாகப் பாட வீடியோக்கள் தரும் கான் அகாடமியின் பாடங்களை இணையமின்றிக் காட்ட, கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் 2012-ல் கேஏ லைட் என்ற மென்பொருளைச் செய்தார்கள். அதிலிருந்து பிறந்த லேர்னிங் ஈக்வாலிட்டி அமைப்பு இன்று கோலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருளைத் தருகிறது. உள்ளங்கை அளவு ராஸ்ப்பெரி பை கணினியில் அதைப் போட்டு, பாடக் கோப்புகளை ஏற்றிவிட்டால், வகுப்பறையின் வைஃபைக்குள் எல்லா மாணவரும் பார்க்கலாம். பாடங்களின் உரிமம் இடம் கொடுத்ததால்தான் அது சாத்தியமானது.

உரிமம்

எதுவும் எழுதாமல் விட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ‘எல்லா உரிமையும் எடுத்தவருக்கே’ என்றாகும். நீங்கள் தாராள மனத்தோடு பகிர்ந்திருக்கலாம், ஆனால் அதை வெட்டி ஒட்டிப் பயன்படுத்த நினைக்கும் இன்னொரு ஆசிரியருக்கு அது தெரியாது. கவனமானவர் தொடவே மாட்டார். ஒரு வரி உரிமக் குறிப்பு இதைத் தீர்க்கும். யூடியூபில் ஏற்றும்போதே கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2011-லிருந்து இருக்கிறது.

பலர் ‘வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையைச் சேர்க்கிறார்கள். நம் உழைப்பை யாரோ விற்றுவிடக் கூடாதே என்ற பயம் புரிகிறது. எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேரும் கான் அகாடமியும் கூட இந்த நிபந்தனையோடுதான் தருகின்றன. ஆனால் அதன் விலை உண்டு. விக்கிப்பீடியாவுக்கான படங்களும் வீடியோக்களும் சேரும் விக்கிமீடியா காமன்ஸ் தளம் இப்படிப்பட்ட படைப்புகளை ஏற்காது. அங்கே ஏறாவிட்டால் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையில் உங்கள் வீடியோவைச் சேர்க்க முடியாது. கட்டணம் வாங்கும் பள்ளி, செலவுக்காகச் சிறு தொகை கேட்கும் தன்னார்வ அமைப்பு எல்லாம் தயங்கி நிற்கும். என்னைக் கேட்டால், பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றியவரும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனை போதும். ஒருவர் எடுத்து விற்றாலும், அதே பாடம் இலவசமாகக் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

விக்கிமீடியா காமன்ஸ் ஃபார்மட்டிலும் கண்டிப்பானது. எம்பி4-ஐ ஏற்கலாமா என்று 2014-ல் பயனர்களிடம் விவாதம் நடந்து, வேண்டாம் என்ற தரப்பே நின்றது. வெப்எம் போன்ற திறந்த வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். புதியவர்களுக்கு இது தொல்லைதான். ஆனாலும் அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

உங்கள் பாடத்தை எடுக்கும்போது

திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ நல்ல கட்டற்ற மென்பொருள். அதில் எம்கேவி-யாகப் பதிவு செய்தால், நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது கெடாது. சாதாரண எம்பி4 என்றால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். வெட்டி ஒட்ட கேடென்லைவ் அல்லது ஷாட்கட். முடித்ததும் நல்ல தரத்தில் ஒரு பிரதி எடுத்து, அதைத் தாய்க் கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள். எல்லா மாற்றமும் அதிலிருந்து போகட்டும்.

பகிர இரண்டு கோப்பு. போனுக்கும் பள்ளிக் கணினிக்கும் எச்.264 உள்ள எம்பி4. விக்கிமீடியாவுக்கும் திறந்த சேமிப்புக்கும் விபி9-உம் ஓபஸும் உள்ள வெப்எம். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இரண்டையும் செய்து தரும். ஆப்பிள் கருவிகள் வெப்எம்மை ஏற்கப் பல ஆண்டுகள் தாமதித்தன. அதனால் வெப்எம்மை மட்டும் கொடுத்து மாணவரைச் சோதிக்க வேண்டாம். ஸ்லைடு வைத்து நடத்தும் பாடத்துக்கு 720 வரித் தரம் (720p) போதும், கோப்பும் சின்னதாகும்.

சப்டைட்டிலைப் படத்தின் மேல் எரித்துவிடாமல் தனிக் கோப்பாகத் தாருங்கள். எஸ்ஆர்டி, வெப்விடிடி இரண்டுமே வெறும் எழுத்துக் கோப்புகள், நோட்பேடில் திறக்கும். காது கேளாத மாணவருக்கு உதவும், தேடலாம், மொழிபெயர்க்கலாம். தமிழில் செய்பவர்கள் ஒருங்குறியில் (யூனிகோடில்) மட்டும் தட்டச்சு செய்ய வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். தமிழர்கள் எல்லோரும் பட்ட பாடு அது. ஸ்லைடுகளையும் வீடியோவோடு சேர்த்துப் பகிருங்கள், ஓடிபி (.odp) என்ற திறந்த கோப்பு வடிவில் இருந்தால் லிப்ரே ஆபீஸில் யாரும் திருத்தலாம்.

பின்னணி இசையில் கவனம் தேவை. சினிமாப் பாட்டு ஒன்று பின்னால் ஓடினால் உங்கள் உரிமக் குறிப்பு அதற்குப் பொருந்தாது, வீடியோவே முடக்கப்படலாம். பாடத்துக்கு இசை தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஏற்றும் இடங்கள்: யூடியூப் ஒன்று, இன்டர்நெட் ஆர்கைவ் ஒன்று. ஆர்கைவில் தரவிறக்க யாருக்கும் தடையில்லை, நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பும் அப்படியே இருக்கும். கல்லூரிக்கோ அமைப்புக்கோ சொந்தமாகச் சர்வர் இருந்தால் பிரான்ஸின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய, சொந்தமாக வீடியோ தளம் நடத்த உதவும் பியர்டியூப் மென்பொருளை நிறுவிப் பார்க்கலாம். விளம்பரம் கிடையாது, தரவிறக்கப் பொத்தான் உண்டு. அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் இல்லையென்றால் தொடங்க வேண்டாம்.

யூடியூப் குறிப்புப் பெட்டியில் இந்த விவரங்களை எழுதிவிடுங்கள்: பாடத்தின் பெயர், வகுப்பு, பதிவு செய்த ஆண்டு, எடுத்தவர் பெயர், உரிமம், தரவிறக்கக் கோப்பும் ஸ்லைடும் சப்டைட்டிலும் இருக்கும் ஆர்கைவ் முகவரி. வீடியோவின் கடைசித் திரையிலும் பெயரும் உரிமமும் ஆர்கைவ் முகவரியும் வரட்டும். கோப்பு கை மாறிப் போகும்போது குறிப்புப் பெட்டி கூடவே போகாது.